பழமை பொய்த்த பின்னும்: டோரீன் வாலியண்டே நடந்த வழி

எந்தப் பெரியவர் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவர் தம் வகுப்பில் மாற்றுக் கருத்துக்கு எப்போதும் இடம் கொடுத்தவர். அந்த இடத்தை இன்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

1. வழக்கு

வழக்கு உங்களில் பலருக்குப் பழக்கமானது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் வெளிப்பட்ட விக்கா என்னும் சூனியக்கலைச் சமயத்தையும், அதை ஒட்டி வளர்ந்த பேகன் (கிறித்தவத்துக்கு முந்திய தெய்வங்களைப் போற்றும்) வழிபாடுகளையும் என் நண்பர்கள் ‘போலிச் சமயம்’ என்ற தலைப்பின் கீழ் கற்பிக்கிறார்கள். அது தன்னைப் பற்றிச் சொன்ன வரலாறு பொய். ஆகவே அதில் ஒருவர் கண்ட ஆன்மிகமும் பொய் என்பது அவர்கள் வாதம்.

வாதத்தின் முதல் பாதியை நானும் ஏற்கிறேன். சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டோர் கிறித்தவத்துக்கு முந்திய ஒரு சமயத்தைக் காத்தவர்கள் என்று மார்கரெட் மர்ரே 1921இல் எழுதினார். அந்தச் சமயத்தின் எச்சமாக நியூ ஃபாரஸ்ட் பகுதியில் வாழ்ந்த ஒரு குழு 1939இல் தமக்குத் தீக்கை அளித்ததாக, மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற ஜெரால்டு கார்ட்னர் சொன்னார். 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அதன் பின், 1954இல் மர்ரேயின் முன்னுரையோடு கார்ட்னரின் நூல் வந்தது. அறுபடாத மரபு என்று ஒன்று இல்லை என்பதை வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் 1999இல் விரிவாக நிறுவிவிட்டார். இதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாம் பாதியைத்தான் மறுக்கிறேன். அதற்கு ஒரே ஒரு பெண்ணின் வாழ்க்கை போதும்.

2. வாலியண்டே

டோரீன் வாலியண்டே 1922இல் பிறந்தவர். மேன் தீவில் திறக்கப்பட்டிருந்த சூனியக்கலை அருங்காட்சியகத்தைப் பற்றி 1952இல் ஓர் இதழில் கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கார்ட்னர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு, கோடையின் நெடும்பகல் நாளை ஒட்டி, அவர் தீக்கை பெற்றார்.

இந்த மரபில் ‘நிழல்களின் நூல்’ என்று ஒரு கையேடு உண்டு. தீக்கை பெற்றவர் அதைப் பார்த்துத் தம் கைப்படப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். கார்ட்னர் தந்த சடங்குகளில் சில பகுதிகள் வாலியண்டேக்கு முன்பே தெரிந்திருந்தன. மந்திரக்கலை எழுத்தாளர் அலிஸ்டர் குரோலியை அவர் படித்திருந்தார். குரோலியின் எழுத்து அங்கே அப்படியே இருந்தது. பழங்குலத்தின் மறைமொழி என்று சொல்லித் தந்தது, 1947இல்தான் இறந்துபோன ஒருவரின் வாசகம்! வாலியண்டே நேரே கார்ட்னரிடம் கேட்டார். கிடைத்த சடங்குகள் துண்டு துணுக்காக இருந்ததால் தாமே இட்டு நிரப்பியதாகக் கார்ட்னர் ஒப்புக்கொண்டார். உன்னால் முடிந்தால் நீ இதைவிட நன்றாக எழுது என்னும் பொருள்பட ஏட்டை அவரிடமே விட்டார்.

அவர் எழுதினார். குரோலியின் சொற்களை இயன்றவரை களைந்தார். 1899இல் சார்லஸ் லேலண்ட் வெளியிட்ட ‘அராடியா’விலிருந்து வந்த பகுதிகளை வைத்துக்கொண்டு, தேவி தன் அடியாரிடம் பேசுவதாக அமைந்த உரையைப் புதிதாக வடித்தார். இன்று பல நாடுகளில் விக்கா வட்டங்களில் ஓதப்படுவது அந்த உரைதான். அதை முன்னோர் மொழி என்றே பலர் நெடுங்காலம் நம்பி ஓதினார்கள்.

1957இல் பிளவு வந்தது. கார்ட்னர் பத்திரிகைகளுக்கு ஓயாமல் பேட்டி கொடுப்பதைக் கட்டுப்படுத்த, வாலியண்டேயும் மற்றவர்களும் சில விதிகளை எழுதி முன்வைத்தார்கள். விதிகள் ஏற்கெனவே உண்டு என்று கார்ட்னர் ஒரு பட்டியலை அனுப்பினார். பழைய நடையில் எழுதியிருந்த அதில், இளையவள் வந்தால் தலைமைப் பூசகி இடம்விட்டு விலக வேண்டும் என்றும் ஒரு விதி. அதைப் படிக்கும்போது, தலைமைப் பூசகியாக இருந்த வாலியண்டேக்கு வயது 35. இத்தனை பழைய சட்டம் இத்தனை நாள் எங்கே இருந்தது? அவர் விலகினார். 1960களில், குடும்ப வழியாக இக்கலை தமக்கு வந்ததாகச் சொன்ன ராபர்ட் காக்ரேனிடம் சேர்ந்தார். அதுவும் உண்மையில்லை என்று கண்டு அங்கிருந்தும் வெளியேறினார்.

நண்பர்களே, இங்கே நிறுத்தி யோசியுங்கள். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு பொய்ப் பழமைகள். ஏமாந்தவர் வழியையே கைவிட்டிருக்கலாம். ஆதாயம் தேடுபவர் உண்மையை மூடி வைத்திருப்பார். வாலியண்டே இரண்டையும் செய்யவில்லை. நடந்ததையெல்லாம் 1989இல் நூலாக எழுதி வைத்தார். அதற்கு முன்பே, 1978இல், தனியே இருப்பவர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் தீக்கை முறையை அச்சிட்டார். குருபரம்பரை இருந்தால்தான் வழி என்ற பூட்டை, அந்தப் பரம்பரையில் வந்தவரே திறந்துவிட்டார்.

இன்னொன்று. நியூ ஃபாரஸ்ட் குழுவைச் சேர்ந்தவராகக் கார்ட்னர் குறிப்பிட்ட டாரதி என்ற மூதாட்டி கற்பனையோ என்ற ஐயம் எழுந்தபோது, 1980இல் வாலியண்டே தேடலில் இறங்கினார். பிறப்பு, இறப்புப் பதிவேடுகளையும் பழைய முகவரிக் கையேடுகளையும் புரட்டினார். டாரதி கிளட்டர்பக் என்ற பெண் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து, ஹைக்ளிஃபில் வாழ்ந்து, 1951இல் இறந்தது தெரியவந்தது. அந்த அம்மையார் சூனியக்கலைக் குழுவில் இருந்தாரா என்பதைப் பதிவேடுகள் சொல்லவில்லை. இன்றும் அது விவாதப் பொருளே. ஆனால் தாம் நம்பியதைப் பதிவேட்டில் வைத்துச் சோதிக்கத் துணிந்த அடியாரைப் ‘போலி’ என்று எந்த நாவால் சொல்வது?

ஒருவர் தாமே கட்டிய எதையும் சமயம் என்று ஏற்பாயா என்று என்னைக் கேட்பார்கள். மாட்டேன். என் அளவுகோல் இது: உண்மை தெரிந்த நாளில் ஒருவர் என்ன செய்தார்? 1957 பட்டியலை அனுப்பிய கார்ட்னர் இதில் தேறவில்லை, காக்ரேனும் தேறவில்லை. வாலியண்டே தேறுகிறார். ஒரே இயக்கத்துக்குள் மெய்யையும் பொய்யையும் பிரித்துக் காட்ட முடிகிறதென்றால், முழு இயக்கத்தையும் ஒரே தலைப்பில் அடைப்பது ஆய்வாகாது.

3. பிறர்

இது வாலியண்டே ஒருவரோடு முடிவதில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டனில் வாழ்ந்த படித்த மக்கள் எப்படிப் பயிற்சியின் வழியே மெல்ல மெல்ல இந்நம்பிக்கைக்குள் வருகிறார்கள் என்பதை மானிடவியலாளர் டான்யா லூர்மன் 1989இல் எழுதினார். தனியே வழிபடுவோருக்கென ஸ்காட் கன்னிங்ஹாம் 1988இல் கையேடு தந்தார். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேகன் என்று எழுதியோர் ஏறத்தாழ 74,000. விக்கா என்று எழுதியோர் ஏறத்தாழ 13,000.

4. இனிச் செய்ய வேண்டியவை

நேரம் குறைவு. கார்ட்னர் 1900 முதல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளர்களின் கோயில்களும் சடங்குகளும் நிறைந்த மண் அது. அவர் அங்கே எதைக் கண்டார் என்று தமிழ் அறிந்த ஆய்வாளர் தேட வேண்டும். தனியே வழிபடுவோரின் நாட்குறிப்புகளைத் திரட்ட வேண்டும். கலைச்சொல்லையும் ஆராய வேண்டும்: நம் நாட்டில் சில பகுதிகளில் ‘சூனியக்காரி’ என்பது இன்றும் பெண்களின் உயிரைப் பறிக்கும் பழி. பிறர் சுமத்தும் அப்பழியையும், எவருக்கும் தீங்கு செய்யாதே என்பதை நெறியாகக் கொண்டவர்கள் தாமே விரும்பி ஏற்ற பெயரையும் ஒரே சொல்லால் குறிப்பது தகாது.

என் சகாக்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டுப் பாடத்திட்டத்திலிருந்து ‘போலிச் சமயம்’ என்ற தலைப்பை நீக்குங்கள். அந்த இடத்தில் வாலியண்டேயின் 1989 நூலை வையுங்கள். மாணவர்கள் படித்துவிட்டுத் தாமே தீர்ப்புச் சொல்லட்டும்.