கைபேசிக் கங்காணி யாரைப் பார்க்கிறான்?

(ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டி, பட்டாசு, பஞ்சாலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்திரிகையைத் திறந்தால் தினம் ஒரு புதுக் கருவியைப் பற்றிய செய்தி வருகிறது. முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லும் கேமரா வந்துவிட்டது என்கிறார்கள். நிற்கும் இடத்தை வானத்திலிருந்து குறித்துக் கொடுக்கும் கைபேசி என்கிறார்கள். மனிதனைப் போலவே யோசிக்கும் செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். படித்தவர்களில் சிலர் இதைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். சிலர் பயந்து நடுங்குகிறார்கள். நமக்கு இரண்டும் வேண்டாம். உழைக்கிற ஜனங்களாகிய நாம் ஒரே ஒரு கேள்வி கேட்போம். இந்தக் கண் யாரைப் பார்க்கிறது? யாரைப் பார்க்காமல் விடுகிறது?

கண்காணிப்பு என்பது நமக்குப் புது விஷயமல்ல. இந்தச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கங்காணி என்றால் யார் என்று சொல்லுவார்கள். காலையில் எத்தனை தலை வேலைக்கு வந்தது என்று எண்ணுவான். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே தலையை எண்ணுவதில் அவனுக்கு வெகு கவனம். அந்தத் தலைக்குச் சொந்தக்காரனுக்குக் காய்ச்சலா, கூலி கிடைத்ததா என்பதில் அவனுக்குக் கவனமில்லை. தோட்டத்து மனிதக் கங்காணியின் காலம் முடிந்துவிட்டது. இப்போது சட்டைப்பைக்குள் ஒரு கங்காணி வந்து உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு நாளைக்கு இரண்டு போட்டோ

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2005-ம் வருஷம் சட்டமாகி, கரிசல் காட்டில் மழை பொய்த்த காலத்திலும் பெண்கள் கையில் சொந்தமாக நாலு காசு புரளச் செய்த வேலை அது. 2021 மே மாதம் மத்திய சர்க்கார் இதற்கு ஒரு செயலி கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல், தனிநபர் நிலத்தில் நடக்கும் வேலைகள் நீங்கலாக, எல்லா வேலைத்தலத்திலும் அது கட்டாயமாயிற்று. வேலைக்கு வந்தவர்களை நிற்க வைத்து, நாளைக்கு இரண்டு தரம் படம் எடுத்து, இடமும் நேரமும் பதிந்து அனுப்ப வேண்டும். படம் ஏறினால்தான் வருகை.

இதிலே வேடிக்கையைக் கவனியுங்கள். இந்த வேலைக்குக் கூலி, வெட்டிய மண்ணை அளந்து போடப்படுவது. அளவு வேலையை ஒரு பெண் வெயில் ஏறுமுன்பே முடித்துவிட்டாலும் வீட்டுக்குப் போக முடியாது. இரண்டாவது படத்துக்குக் காத்திருக்க வேண்டும். கண்மாய்க்குள்ளே சிக்னல் இல்லை. “மதினி, படம் ஏறிருச்சா?” என்று ஒருத்தி கேட்பாள். “இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு, கரை மேல ஏறிப் பாக்கேன்” என்பாள் பணித்தளப் பொறுப்பாளர். அவளும் அதே தெருக்காரி. கைபேசியும் பெரும்பாலும் அவள் சொந்தக் காசில் வாங்கியது. படம் ஏறாவிட்டால் ஏச்சு அவளுக்கு. கூலி நஷ்டம் மற்றவர்களுக்கு. செயலி செய்தவருக்கு ஏச்சும் இல்லை, நஷ்டமும் இல்லை.

எதற்காக இது? திருட்டுக் கணக்கை ஒழிக்க என்றார்கள். ஒழிய வேண்டியதுதான். வராத ஆளுக்குப் பேர் எழுதிக் காசு அடிக்கிற காண்டிராக்டர்கள்மேல் நமக்கு எந்தப் பரிவும் கிடையாது. ஆனால் ஒழிந்ததா? 2025 ஜூலை 8-ம் தேதி மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படம் ஏறுகிறது, நேரில் எடுக்காமல் பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், படத்தில் உள்ள தலையும் பதிவில் உள்ள தலையும் ஒத்துப்போகவில்லை என்று ஏழு வகை மோசடிகளை அது வரிசைப்படுத்தியது. கடைசியில் என்ன உத்தரவு? பஞ்சாயத்து மட்டத்தில் மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் சரிபார்க்க வேண்டுமாம்! மனிதரை நம்ப முடியாது என்று யந்திரம் கொண்டுவந்தார்கள். பிறகு யந்திரத்தை நம்ப முடியாமல் மனிதரைத் தேடுகிறார்கள். திருடுகிறவன் எப்படியும் வழி கண்டுபிடித்துக்கொண்டான். கரை மேல் ஏறி சிக்னல் தேடியவள் யோக்கியமாக வேலை செய்தவள்.

படம் போயிற்று, கூலி வரவில்லை

வேலை செய்த பதினைந்து நாளுக்குள் கூலி தர வேண்டும், தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் நூற்றுக்கு 5 பைசா வீதம் ஈட்டுத்தொகை என்று பழைய சட்டத்தில் இருந்தது. ஆயிரம் ரூபாய் பாக்கிக்கு நாளைக்கு எட்டணா. அற்பத் தொகைதான். அதையாவது யார் கண்ணில் காட்டினார்கள்?

2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2024 நவம்பர் கடைசியிலிருந்து கூலிப்பணம் வரவில்லை, 1,056 கோடி ரூபாய் பாக்கி என்றார். மார்ச்சில் அது 4,034 கோடி என்று ஏறியது. இந்தப் பணம் யாருடையது? வெயிலில் நின்று இரண்டு தரம் படத்துக்கு முகம் காட்டியவர்களுடையது. அவர்கள் முகம் அதே நாளில் டெல்லிக்குப் போய்விட்டது. டெல்லியிலிருந்து கூலி வர மாதக்கணக்காயிற்று. போகிற பாதையில் இத்தனை வேகம். வருகிற பாதையில் இத்தனை மந்தம். இது யந்திரத்தின் குற்றமா? கூலி தாமதமான நாளை எண்ணி, ஈட்டுத்தொகையைத் தானே கணக்குப் போட்டு வங்கியில் போடும்படி அதே செயலியை அமைத்திருக்க முடியாதா? முடியும். கணக்குப் போடுவதுதானே அதற்குச் சுலபமான வேலை? அதை யாரும் அதனிடம் கேட்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. ஏட்டிலே 125 நாள். ஆனால் உழவு, அறுப்புக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம். செலவில் நூற்றுக்கு 40 பங்கு மாநிலத்தின் தலையில். உடலடையாளப் பதிவும், கைபேசிக் கண்காணிப்பும், செயற்கை நுண்ணறிவும் சட்டத்தின் வாசகத்துக்குள்ளேயே ஏறிவிட்டன. முன்பு சுற்றறிக்கையில் இருந்த கங்காணி இப்போது சட்டத்துக்குள் நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டான்.

பட்டாசுப் பெட்டியில் சதுரக் கட்டம்

இனி நம் தெருவுக்கு வருவோம். 2018 அக்டோபர் 23-ம் தேதி சுப்ரீம் கோர்ட் பட்டாசு வழக்கில் உத்தரவு போட்டது. அதன்பின் 2019-ல் பசுமைப் பட்டாசு வந்தது. பெட்டியின்மேல் க்யூ.ஆர். கோடு என்ற கறுப்பு வெள்ளைச் சதுரம் வந்தது. கைபேசியைக் காட்டினால் அது அசல் பசுமைப் பட்டாசுதானா என்று சொல்லும். 2025 தீபாவளிக்கு டெல்லியில் பசுமைப் பட்டாசை அனுமதித்தபோது அந்தக் கோடுள்ள சரக்கையே விற்க வேண்டும் என்றும், அதைச் சோதிக்க ஆட்கள் வேண்டும் என்றும் கோர்ட் சொன்னது. டெல்லிக் குழந்தையின் மூச்சு நமக்கும் பெரிதுதான். புகை குறைய வேண்டும் என்பதில் நமக்குத் தகராறில்லை.

ஆனால் அந்தச் சதுரத்தை உற்றுப் பாருங்கள். வெடிக்கிறவனுக்கு என்ன கேடு வரும் என்று அது கேட்கிறது. செய்கிறவளுக்கு என்ன கேடு வரும் என்று கேட்கிறதா? லைசென்ஸ் பெற்றவர் ஒருவர், உள்குத்தகைக்கு அறைகளை எடுத்து நடத்துகிறவர் வேறொருவர் என்று அது சொல்லுமா? ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்ற விதியிருக்க, எத்தனை பேரை உட்கார வைத்தார்கள் என்று சொல்லுமா? கட்டடத்துக்குள் செய்ய வேண்டிய வேலை மரத்தடியில் நடந்ததா என்று சொல்லுமா?

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் 40 பேர் அளவில் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி பக்கத்து அச்சங்குளத்தில் 20-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். உள்குத்தகையின் லட்சணம் அன்று ஊரறிய வெளிவந்தது. விபத்து முடிந்த பின் அதிகாரிகள் வருகிறார்கள், அறைகளை எண்ணுகிறார்கள், லைசென்ஸைத் தேடுகிறார்கள். கண்மாயில் மண் சுமக்கிறவளின் தலையை நாளைக்கு இரண்டு தரம் எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு, மருந்து அறையில் இருக்கும் தலைகளை விபத்துக்கு முன்னால் ஒரு தரம் எண்ணத் தெரியாதா?

வெடிபொருள் லைசென்ஸின் தலைமை ஆபீஸ் நாகபுரியில் இருக்கிறது. நம் ஊரில் “நாக்பூர் லைசென்ஸ்” என்று சின்னப் பிள்ளைகளும் சொல்லும். அதே நாகபுரியில்தான் தெருக் கூட்டும் தொழிலாளரின் மணிக்கட்டில், இருக்கிற இடத்தைக் காட்டிக் கொடுக்கும் கடிகாரத்தைக் கட்டினார்கள். துடைப்பம் பிடித்தவன் எந்த முக்கில் நிற்கிறான் என்று ஊழியனின் கையிலேயே உளவு வைக்க முடிந்தது. லைசென்ஸ் எந்தக் கைக்கு மாறியது என்று பார்க்க மட்டும் கருவி அகப்படவில்லை.

இன்னொன்று. அதே 2018 உத்தரவு இணையத்தில் பட்டாசு விற்கக் கூடாது என்றது. ஆனால் தீபாவளி நெருங்கினால் ‘சிவகாசி நேரடி விலை’ என்று போலிக் கடைகள் கைபேசியில் முளைக்கின்றன. ஜனங்கள் பணம் அனுப்பி ஏமாந்தார்கள். 2024-ல் தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு போலீசார் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. நம் ஊர்ப் பேரைச் சொல்லிப் பறிக்கிற திருடனின் முகம் எந்தக் கேமராவிலும் விழுவதில்லை. தட்டுக்கூடை சுமக்கிறவளின் முகம் மட்டும் தப்புவதில்லை.

யந்திரத்துக்கு நாம் விரோதிகளா?

“இவர்கள் யந்திரம் என்றாலே எதிர்ப்பார்கள்” என்று நம்மைப் பற்றிச் சொல்லுகிறவர்கள் உண்டு. இது பழைய பல்லவி. 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தபோதும் இதையே சொன்னார்கள். அந்தத் தொழிலாளிகள் தறியை உடைக்கச் சொல்லவில்லை. ஒருவன் தலையில் கூடுதல் தறியைக் கட்டி, மிச்சப் பேரை வீட்டுக்கு அனுப்பாதே என்றார்கள்.

ராஜபாளையம் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கிற தோழர்களுக்கு இது நன்றாக விளங்கும். எந்தக் கதிரில் நூல் அறுந்தது என்று விளக்குப் போட்டுக் காட்டும் கருவி இப்போது உண்டு. நல்ல கருவி. சைடர் வீணாக நடக்க வேண்டாம், கால் வலி குறையும். அதே கருவியைக் காட்டி, “நடை குறைந்ததல்லவா, இன்னும் இரண்டு மிஷினைச் சேர்த்துப் பார்” என்று ஒரு முதலாளி சொன்னால்? கருவி மாறவில்லை. கால்வலி திரும்பி வந்துவிடும். லாபம் மட்டும் ஒரு பக்கம் போய்விடும். ஆகவே கருவி நல்லதா கெட்டதா என்பது வெறும் கேள்வி. அதன் கடிவாளம் யார் கையில் என்பதே கேள்வி.

கண்ணைத் திருப்பி வைக்க முடியும் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. ராஜஸ்தானத்தில் கிராமத்து ஜனங்கள் கணக்கைக் காட்டு என்று பல வருஷம் போராடினார்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டம் ஒரு வித்து. 2019-ல் அங்கே மாநில சர்க்கார் ‘ஜன் சூச்னா’ என்ற இணையதளம் திறந்தது. யாருக்கு ரேஷன் போயிற்று, எந்தத் திட்டத்தில் யார் பேர் இருக்கிறது என்று மனுப் போடாமலே எவரும் பார்க்கலாம். அதே கம்ப்யூட்டர்தான், அதே கம்பிதான். அங்கே ஜனங்கள் சர்க்காரைப் பார்த்தார்கள்.

நாம் கேட்பது

நம் கோரிக்கைகள் எளியவை.

ஒன்று: படம் ஏறவில்லை என்று ஒரு நாள் கூலியும் வெட்டக் கூடாது. காகிதப் பதிவேடும் கூடவே இருக்க வேண்டும். தொழிலாளி கையில் அன்றன்றைக்கு ஒரு சீட்டு.

இரண்டு: பணித்தளப் பொறுப்பாளருக்குக் கைபேசியும் அதன் செலவும் சர்க்கார் தர வேண்டும்.

மூன்று: கூலி தாமதமானால் ஈட்டுத்தொகையைக் கருவியே கணக்கிட்டுப் போட வேண்டும். வருகைக்கு மணிக்கணக்குப் பார்க்கிறவர்கள் கூலிக்கும் மணிக்கணக்குப் பார்க்கட்டும்.

நான்கு: பட்டாசுப் பெட்டியில் உள்ள சதுரம், பட்டாசு ஆலையின் வாசலுக்கும் வர வேண்டும். லைசென்ஸ் யார் பேரில், நடத்துகிறவர் யார், அறை எத்தனை, ஆள் எத்தனை, கடைசியாக அதிகாரி எப்போது சோதித்தார், என்ன குற்றம் கண்டார் என்று தமிழில் தெரிய வேண்டும். உள்ளே நுழைகிற பெண் தன் கைபேசியில் பார்த்துவிட்டு நுழையட்டும்.

ஐந்து: நம் முகமும் கைரேகையும் எங்கே போகின்றன, எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டும். சொந்தத் தகவலைக் காக்கிறோம் என்று 2023-ல் சட்டம் போட்டார்கள். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அதிலும் சர்க்காருக்கு விலக்குகள் உண்டு. நம் முகத்தை அதிகம் வாங்கி வைத்திருப்பதே சர்க்கார்தானே?

கோரிக்கை நிறைவேறும்வரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். பத்துப் பேருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வேலை செய்த தேதி, ஏறிய படம், ஏறாத படம், கூலி வந்த தேதி – எல்லாம் எழுதுங்கள். எழுதப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிடுங்கள். மருந்து அறையில் எத்தனை பேர் உட்கார்ந்தோம் என்பதையும் எழுதுங்கள். வீடுதோறும் கைபேசி இருக்கிறது. வேலைத்தலத்துக்குள் கொண்டுபோக வேண்டாம். மருந்து இருக்கும் இடத்தில் அது ஆபத்து. வெளியே வந்த பின் அந்த நோட்டைப் படம் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். தனியாளின் கணக்கைத் தாசில்தார் தள்ளிவிடுவார். நூறு நோட்டு ஒன்றாக மேஜைமேல் விழுந்தால் தள்ள முடியாது.

நம்மை எண்ணுவதற்குக் கருவி செய்தவர்களுக்கு நாமும் எண்ணத் தெரிந்தவர்கள் என்று காட்டுவோம். நோட்டை இன்றைக்கே தொடங்குங்கள்.