கிரய உடன்படிக்கையில் பிழை நேர்ந்தால்

(ஓய்வுபெறும் நிலையிலுள்ள மத்திய அரசு ஊழியர்களிடையே ஆற்றிய உரை)

பணிக்கொடையாகவும் சேமநிதியாகவும் கைக்கு வரும் தொகையை எவ்வாறு முதலீடு செய்வது என்பது குறித்து இங்கு முன்னர் பேசியோர் விளக்கினர். நம்மில் பெரும்பாலோர் அத்தொகையில் ஒரு வீட்டையோ மனையையோ வாங்கத்தான் போகிறோம். எனவே வட்டி விகிதங்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வீடு வாங்குவதற்கு முன் நாம் கையொப்பமிடும் கிரய உடன்படிக்கையைப் பற்றியும், அதில் பிழை நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை பற்றியும் சில சொற்கள் கூற விழைகிறேன்.

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் விலையைப் பற்றி எனக்குச் சிறிது தெரியும் என்று எண்ணியிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், தலைநகரை அடுத்த ஊரொன்றில் மனை வாங்க முற்பட்டபோது அவ்வெண்ணம் தகர்ந்தது. உடன்படிக்கையில் விலை, முன்பணம், தவணை ஆகியவற்றை மும்முறை படித்தேன். இறுதிப் பக்கத்திலிருந்த சொத்து விவரத்தை மட்டும் மேலோட்டமாகப் பார்த்தேன். அதில் '150 சதுர மீட்டர்' என்றிருந்தது. விலையை அதனால் வகுத்துப் பார்த்து, மலிவாகவே வாங்குகிறோம் என்று மகிழ்ந்தேன்.

அடுத்த ஞாயிறன்று என் மனைவி அளவுநாடாவுடன் மனைக்கு வந்தாள். நீளம் 45 அடி, அகலம் 30 அடி. பெருக்கினால் 1,350 சதுர அடி. அதாவது 150 சதுர கெஜம். மீட்டர் கணக்கில் அது ஏறத்தாழ 125.4 மட்டுமே. விற்பவர் தொடக்கம் முதல் கெஜக் கணக்கில்தான் பேசியிருந்தார்; பத்திரம் எழுதியவர் மீட்டர் என்று எழுதிவிட்டார். ஒரே சொல் மாறியதால் 24.6 சதுர மீட்டர் நிலம் தாளில் முளைத்துவிட்டது.

"பிழை உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது; பேசாமல் இருந்துவிடுங்கள்" என்று எனக்கு அறிவுரை கூறியவர்களும் உண்டு. ஒரு நாள் முழுவதும் நானும் தயங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "தாளில் இருக்கிற நிலம் தரையில் எங்கே இருக்கிறது?" என்று என் மனைவி கேட்டாள். அது அண்டை வீட்டாரின் சுவருக்கு அப்பால் இருந்தது. மறுநாளே விற்பவரிடம் சென்று கூறினேன். இருவரும் துணை உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டோம். விலை மாறவில்லை, நான் மகிழ்ந்த மலிவு மட்டும் மறைந்தது.

சட்டம் கூறுவது என்ன?

விலை மாறாததில் அநீதி ஏதுமில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிழைகளை வகைப்படுத்துகிறது. உடன்படிக்கைக்கு இன்றியமையாத ஓர் உண்மை பற்றி இரு தரப்பினரும் தவறாக எண்ணியிருந்தால் அவ்வுடன்படிக்கை செல்லாது என்பது 20ஆவது பிரிவு. ஆனால் பொருளின் மதிப்பு பற்றிய தவறான கருத்து அவ்வகையில் சேராது என்றும் அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஒரு தரப்பினர் மட்டும் தவறாக எண்ணியிருந்தார் என்ற ஒரே காரணத்திற்காக ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்பது 22ஆவது பிரிவு.

இவற்றினின்றும் வேறுபட்ட நிலை ஒன்றுண்டு. இரு தரப்பினரும் ஒன்றையே கருதினர். எழுத்தில் மட்டும் அது வேறாக வந்துவிட்டது. 1963ஆம் ஆண்டின் குறித்த பரிகாரச் சட்டம், 26ஆவது பிரிவில் இதற்கு வழி செய்கிறது. மோசடியினாலோ இரு தரப்பினரின் பொதுத் தவறினாலோ ஓர் ஆவணம் அவர்களின் உண்மையான கருத்தை வெளியிடவில்லையெனில், அதைத் திருத்துமாறு நீதிமன்றத்தைக் கோரலாம். முதலில் திருத்தி, பின்னர் திருத்திய வடிவில் உடன்படிக்கையை நிறைவேற்றித் தருமாறும் வேண்டலாம். ஆயினும், இடையில் நன்னம்பிக்கையுடன் விலை கொடுத்து உரிமை பெற்ற மூன்றாமவரை அத்திருத்தம் பாதிக்காது.

திருத்தத்தின் நோக்கம், பேசியதை உள்ளவாறு எழுதுவது, பேரத்தை மாற்றுவதன்று. விலையைக் குறைக்கவோ கூடுதல் நிலம் பெறவோ திருத்தத்தைக் கருவியாக்க இயலாது.

எழுத்துப்பிழை ஒவ்வொன்றும் உரிமையை அழித்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதும் இல்லை. பீகாரிலிருந்து வந்த வழக்கொன்றில், 160 என்றிருக்க வேண்டிய மனை எண் 1060 என்று பதிவாகியிருந்தது. கணக்கு எண்ணும், பரப்பும், எல்லைகளும் நிலம் எது என்பதை ஐயமின்றிக் காட்டியமையால், அது வெறும் விவரப் பிழையே என்று உச்சநீதிமன்றம் 1960களின் தொடக்கத்தில் தீர்ப்பளித்தது. ஒன்று தவறினாலும் மற்றவை கைகொடுக்கும் வகையில் சொத்து விவரம் அமைய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனினும், உச்சநீதிமன்றம் வரை சென்று நிலைநாட்டிய உண்மை அது என்பதையும் மறத்தலாகாது.

நம் நாட்டில் இதன் முக்கியத்துவம்

நம் நாட்டில் பதிவாவது ஆவணமே. உரிமைக்கு அரசு உத்தரவாதம் அளிப்பதில்லை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, சொத்தை அடையாளம் காணப் போதுமான விவரம் ஆவணத்தில் இருத்தல் வேண்டும். விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று விசாரித்துத் தீர்ப்பளிப்பது சார்பதிவாளரின் பணியன்று. ஆகவே விவரத்தின் சரிமைக்குப் பொறுப்பு பெரிதும் வாங்குபவரையும் விற்பவரையுமே சாரும்.

அளவைகளின் பன்மை மற்றொரு காரணம். 1956ஆம் ஆண்டின் நிறை அளவைத் தரச் சட்டத்தின் வாயிலாக மெட்ரிக் முறையை நாம் ஏற்றோம். ஆயினும் தில்லியில் கெஜமும், பஞ்சாபில் கனாலும் மர்லாவும், மகாராஷ்டிரத்தில் குண்டாவும், தெற்கே சென்ட்டும் இன்றும் மக்கள் வழக்கில் உள்ளன. ஒரு குண்டா என்பது 1,089 சதுர அடி; ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பீகாவோ இடத்துக்கு இடம் மாறுபடும். பணி நிமித்தம் ஊர் ஊராக மாறி, பிறந்த ஊரல்லாத இடத்தில் வீடு வாங்கும் நம்மைப் போன்றோர்க்கு இது எளிதில் வழுக்கக்கூடிய இடம்.

2008இல் தொடங்கிய நில ஆவண நவீனமாக்கல் திட்டமும், நிலத்துண்டு ஒவ்வொன்றுக்கும் 14 இலக்கத் தனி அடையாள எண் வழங்கும் ஏற்பாடும் இக்குறைகளைக் களைவதை நோக்கமாகக் கொண்டவை. ஆனால் தவறான எண்ணைக் கணினியில் ஏற்றினால் அது தவறான எண்ணாகவே அங்கும் இருக்கும்.

பிழை வளரும் விதம்

என் அலுவலக நண்பர் ஒருவரின் அனுபவத்தைக் கூறுகிறேன். அவருடைய மனையின் எண் 74. உடன்படிக்கையில் 47 என்று எழுதப்பட்டது. அதைப் பார்த்தே கிரயப் பத்திரமும் எழுதப்பட்டது, பதிவும் ஆயிற்று. வீடு கட்டி, வரி செலுத்தி, அமைதியாகவே வாழ்ந்தார். மகளின் உயர்கல்விக்காக வீட்டை ஈடு வைத்துக் கடன் கோரியபோதுதான் வங்கியின் வழக்கறிஞர் பிழையைக் கண்டார். கடன் மறுக்கப்பட்டது.

விற்றவர் அதற்குள் காலமாகியிருந்தார். அவருடைய மனைவியும் நான்கு மக்களும் நான்கு ஊர்களில் இருந்தனர். வாரிசுகள் அனைவரும் ஒப்பினால்தான் பிழைதிருத்தல் பத்திரம் எழுத முடியும். மூவர் உடனே இசைந்தனர். ஒருவர் காலம் தாழ்த்தினார். மற்றொருவர் பணம் எதிர்பார்த்தார். நண்பர் ஓய்வு பெற்ற பின்னரே பத்திரம் பதிவாயிற்று. அந்த மகளோ விரும்பிய படிப்பை விட்டு, கிடைத்த படிப்பில் சேர்ந்திருந்தாள். இடம் மாறிய இரண்டு இலக்கங்களின் விலை அது.

உடன்படிக்கை நிலையில் பிழையைக் கண்டால் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும். பதிவுக்குப் பின், விற்றவர் உயிருடனும் இசைவுடனும் இருந்தால் சில நாட்கள் ஆகும். அவர் மறைந்துவிட்டாலோ மறுத்துவிட்டாலோ ஆண்டுகள் ஆகலாம். காலம் செல்லச் செல்லச் செலவு பெருகும் என்னும் எளிய பொருளாதாரமே இங்கும் செயற்படுகிறது.

செய்ய வேண்டியவை

உடன்படிக்கையில் பிழையைக் கண்டவுடன் மறுதரப்பினருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். நீங்களாகவே அடித்து எழுதாதீர்கள். மறுதரப்பின் இசைவின்றிச் செய்யும் முக்கியமான மாற்றம் ஆவணத்தையே செல்லாததாக்கிவிடக்கூடும். சிறு திருத்தமாயின் இருவரும் அவ்விடத்தில் கையொப்பமிட வேண்டும். பரப்பு, எண், எல்லை, விலை, காலக்கெடு ஆகியவற்றைத் தொடும் திருத்தமாயின் துணை உடன்படிக்கை எழுதுவதே முறை. முதல் உடன்படிக்கை பதிவு செய்யப்பட்டிருந்தால் துணை உடன்படிக்கையையும் பதிவு செய்தல் நன்று. திருத்தம் முடியும்வரை அடுத்த தவணையைச் செலுத்தாதிருக்க மறுதரப்பின் இசைவை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்; இல்லையேல் தவணை தவறியவர் என்ற பழி உங்கள்மீது விழும்.

கிரயப் பத்திரம் பதிவான பின் பிழை தெரியவந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதி, அதே பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். முதல் பத்திரத்தின் எண்ணும் நாளும், தவறான வாசகமும், சரியான வாசகமும் அதில் தெளிவாக இடம்பெற வேண்டும். இதற்கான கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பிழை முந்தைய பத்திரத்திலேயே தோன்றியிருந்தால் அங்கிருந்தே திருத்தி வர வேண்டும். திருத்தியபின் வருவாய்த்துறைக் கணக்கிலும் நகராட்சி வரிக் கணக்கிலும் மாற்றம் செய்ய மறவாதீர்கள்.

மறுதரப்பினர் மறுத்தால் நீதிமன்றமே வழி. அதற்கு மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. தவறே வழக்கின் அடிப்படையாக இருப்பின், அது தெரியவந்த நாளிலிருந்தோ, தக்க கவனத்துடன் இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ அக்காலம் எண்ணப்படும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பது இங்கு ஆபத்தான சொல்.

அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குவோர்க்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஒரு காப்பைத் தந்துள்ளது. அச்சட்டத்தின் வரம்புக்குட்பட்ட திட்டங்களில், எழுத்து மூலமான உடன்படிக்கையைச் செய்து பதிவு செய்யாமல், விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறலாகாது. வீட்டின் உட்பரப்பையே கணக்கிட வேண்டும் என்பதற்காக அதற்குரிய வரையறையும் அச்சட்டத்தில் உள்ளது. உடன்படிக்கையில் குறித்திருப்பது அந்த உட்பரப்பா, படிக்கட்டும் நடைபாதையும் சேர்ந்த பரப்பா என்று கேட்டறியுங்கள்.

நண்பர்களே, நிறைவாக ஒரு வேண்டுகோள். கையொப்பமிடும் முன் உடன்படிக்கையை மனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கு நின்று, சொத்து விவரத்தை ஒருவர் உரக்கப் படிக்க மற்றொருவர் சரிபார்க்கட்டும். நான்கு எல்லைகளையும் நடந்து பாருங்கள், அளந்து பாருங்கள். பரப்பை இரு அளவைகளில், எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கச் செய்யுங்கள். பெயர்களை அடையாள ஆவணங்களோடும், மனை எண்ணைத் தாய்ப்பத்திரத்தோடும் ஒப்பிடுங்கள். இவற்றுக்கு அரை நாள் ஆகும். முப்பதாண்டு உழைப்பின் பயனைக் காக்க அரை நாள் மிகையன்று.

நாம் அலுவலகத்தில் ஆயிரமாயிரம் கோப்புகளைப் படித்துத் திருத்தியவர்கள். நம் சொந்தக் கோப்பையும் ஒருமுறை இறுதிப் பக்கம் வரை படிப்போம்.