பொதுஜனங்களுக்கு இடம் எங்கே?

(நாகர்கோவிலை அடுத்த ஒரு புதுக் குடியிருப்பில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பூங்கா வேண்டும், காலாற நடக்கப் பாதை வேண்டும், பிள்ளைகள் விளையாட மைதானம் வேண்டும் என்பதற்கு ஒரு பொதுக்கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். இதெல்லாம் வயிறு நிறைந்தவன் சங்கதி என்று வருகிற வழியில் ஒரு நண்பர் என்னிடமே சொன்னார். எனது அபிப்பிராயம் அப்படியல்ல. பொது இடம் யாருக்குச் சொந்தம் என்கிற கேள்விக்காகவே, திருவிதாங்கூர் சமஸ்தானமாயிருந்த இந்த நாட்டில் ஜனங்கள் அடிபட்டார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். 1924-ல் துவங்கிய வைக்கம் சத்தியாக்கிரகம் கோவிலுக்குள் போவதற்காக நடந்ததல்ல. கோவிலைச் சுற்றியுள்ள ரோட்டில் நடப்பதற்காக நடந்தது. 1926-ல் நம் சுசீந்திரத்தில் டாக்டர் எம்.இ. நாயுடு முதலியவர்கள் கிளர்ச்சி செய்ததும் தெருவில் நடக்கிற உரிமைக்காகத்தான். நாயும் கழுதையும் நடக்கிற வீதியில் மனிதன் நடக்கக்கூடாதென்றார்கள். 1936 நவம்பர் 12-ந் தேதி கோவிலே திறந்துவிடப்பட்டது.

இன்று யாரும் தடி பிடித்து வழிமறிப்பதில்லை. நடப்பதற்கு இடமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2011 ஜனக்கணக்குப்படி நம் ஜில்லாவின் ஜனத்தொகை 18,70,374. சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். ராஜ்யத்தின் சராசரி 555 தான். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. வயலும் தென்னந்தோப்பும் மனையாகின்றன. சென்ட் கணக்கில் விற்கிறார்கள், வாங்குகிறோம், வீடு கட்டுகிறோம், சுற்றுமதில் எழுப்புகிறோம். மதிலுக்கு வெளியே என்ன மிச்சம் என்று யாராவது பார்த்தோமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1959-லேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க இந்த ராஜ்யத்தில் சட்டம் செய்தாகிவிட்டது. உள்ளூர் ஸ்தாபனங்கள் அவ்விடங்களுக்கு ஜாபிதா தயாரிக்க வேண்டுமென்றும், ஜாபிதாவில் சேர்ந்த இடத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக்கூடாதென்றும் அதில் இருக்கிறது. இன்றைய விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதி நிலத்தில் 100-க்கு 10 பங்கு பொது உபயோகத்துக்கு விடவேண்டும். 10,000 சதுர மீட்டருக்குட்பட்டு, இடம் விட வசதியில்லையென்றால் பணமாகக் கட்டலாம். பணத்தில் பிள்ளைகள் பந்து விளையாட முடியுமா? 3,000 சதுர மீட்டரென்பது நம் கணக்கில் 74 சென்ட். ஒரு பெரிய தோப்பை 70, 70 சென்டாகத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்தால் என்னவாகும் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

விட்ட இடமாவது நிற்கிறதா? எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கென்று விட்ட மூலையில் ஒரு நாள் காலையில் பிள்ளையார் வந்து உட்கார்ந்துவிட்டார். இவர் வந்ததைப் பார்த்து எதிர்மூலையில் குருசடி வந்துவிட்டது. பிறகு மைக்செட்டு, உண்டியல், கமிட்டி, கமிட்டிக்குள் சண்டை. பிள்ளைகளோ ரோட்டில் விளையாடுகிறார்கள், பஸ் வந்தால் ஓரம் ஒதுங்குகிறார்கள். சாமி பெயரைச் சொன்னதும் அதிகாரி பயப்படுகிறார். நாமும் பயப்படுகிறோம். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தபோதுகூட, அது செல்லாதென்று 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதியென்றால் உண்டியலுக்கு என்ன நியாயம்?

கன்னியாகுமரியில் 2024 டிசம்பர் 30-ந் தேதி, விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்குமிடையே 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். செலவு 37 கோடி ரூபாய். நான் குறை சொல்லவில்லை, நானும் போய் நடந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வருஷத்துக்கொரு முறை வருகிறவனுக்கு. சாயங்காலம் வேலை முடிந்து வருகிற உள்ளூர்த் தொழிலாளி படகேறி அங்கே போய் உலாவ முடியுமா?

நமக்குப் புதிதாக மலையோ கடலோ உண்டாக்க வேண்டியதில்லை. பழைய காலத்தில் பீரங்கி வார்த்த உதயகிரிக் கோட்டையே இன்று வனத்துறையின் பூங்காவாக இருக்கிறது. நாஞ்சில் நாட்டில் ஊருக்கு ஊர் குளமிருக்கிறது; குளத்துக்குக் கரையிருக்கிறது. அந்தக் கரையைச் சீர்செய்து, நிழலுக்குப் பூவரசும் புன்னையும் வைத்து, மதகுக்கு மதகு ஒரு கல்பெஞ்சு போட்டால் அதைவிட நல்ல நடைபாதை வேறென்ன வேண்டும்? கரை உயர்ந்தால் குளத்துக்கும் பலம், ஆக்கிரமிப்பவனுக்கும் தைரியம் குறையும். ஆனால் சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022-ல் ராம்சர் ஜாபிதாவில் சேர்ந்தவை. பறவைகள் வந்து தங்குமிடம். அங்கே சிமெண்டும் வர்ண விளக்கும் கொண்டுபோய்க் கொட்டக்கூடாது. மண்பாதை, அதுவும் ஒரு பக்கக் கரையில் மாத்திரம் போதும். மற்றப் பக்கம் பறவைகளுக்கு.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "கோவிலுக்குப் போகிறேன்", "சர்ச்சுக்குப் போகிறேன்" என்றால் வீட்டில் விடுகிறார்கள். "சும்மா குளத்தங்கரையில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வருகிறேன்" என்று நீங்கள் சொன்னால் விடுவார்களா? நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பேச வேறிடம் இல்லாததாலேயே பாதிப்பேர் அங்கே போகிறார்கள். கணக்கு பக்தியில் எழுதப்படுகிறது! ஆண்களுக்காவது டீக்கடை இருக்கிறது. ஆதலால் பூங்கா என்றால் வெளிச்சமும், கக்கூசும், குடிதண்ணீரும், பெண்கள் பயமின்றி வந்து போக வழியும் முதலில் வேண்டும். ஊஞ்சலும் சிலையும் பிறகு வரட்டும். கதவு பூட்டிக் கிடக்கும் பூங்காவை நான் பார்த்திருக்கிறேன். சாவி யாரிடமென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: "எங்கள் மனைப்பிரிவில் பூங்கா இடம் எதுவென்றே தெரியவில்லை, என்ன செய்வது?"

நல்ல கேள்வி. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுக்கு வரைபடம் உண்டு. பொது இடத்தை உள்ளூர் ஸ்தாபனத்துக்கு எழுதிக் கொடுத்த தானப்பத்திரமும் இருக்க வேண்டும். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி இரண்டின் நகலையும் கேளுங்கள். வந்ததும் நாலு பேர் டேப்பு எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். குறைந்தால் அளவைக் குறிப்பிட்டு, தெருவிலுள்ள எல்லா ஜாதியாரும் எல்லா மதத்தாரும் பெண்கள் உட்பட கையெழுத்திட்டு மாநகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ கொடுங்கள். ஒருவர் மாத்திரம் கொடுத்தால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசிவிடுவார்கள்.