கலந்தால் கெடுமா?
(ஆத்தங்குடிச் சொற்பொழிவு)



செய்தி என்பது சரக்கு மூட்டை போன்றது, வந்தது வந்தபடியே போய்ச் சேர வேண்டும், வழியில் இன்னொன்றோடு கலந்தால் கெட்டுவிடும் என்பதாகவே தந்திக் காலந்தொட்டு எண்ணி வந்தார்கள். ஏன் கலக்கக் கூடாது என்று 2000-ம் ஆண்டில் ஆல்ஸ்வேடே, காய், லீ, யங் என்ற நால்வர் கேட்டார்கள்.

பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக நாம் நம்ப வேண்டியதில்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் க, ச என்ற இரண்டு செய்திகளும் வேண்டும். ஒவ்வொன்றும் 0 அல்லது 1. காரைக்குடிக்குக் க-வும், தேவகோட்டைக்குச் ச-வும் தனித்தனிக் கம்பியில் நேராய்ப் போகின்றன. மற்றதைக் கொடுக்க இரண்டு ஊருக்கும் பொதுவாய் ஒரே கம்பிதான் உண்டு. அது ஒரு தடவைக்கு ஒரு செய்தியே தாங்கும். க-வை அனுப்பினால் காரைக்குடிக்குப் பயனில்லை. ச-வை அனுப்பினால் தேவகோட்டைக்குப் பயனில்லை.

ஆகவே இரண்டையும் கலந்து அனுப்புவோம். இரண்டும் ஒன்றானால் 0, வேறானால் 1 என்பது விதி. க 1, ச 0 என்றால், பொதுக் கம்பியில் 1 போகும். காரைக்குடியார் தம்மிடம் க 1 இருப்பதால், "வேறு என்கிறது, அப்படியானால் ச 0" என்று அறிந்துகொள்வார்கள். தேவகோட்டையாரும் அப்படியே க-வை அறிவார்கள். ஒரே தடவையில் இருவருக்கும் இரண்டும் கிடைத்துவிட்டன. இதில் மந்திரமென்ன, மாயமென்ன?

ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பும் மஞ்சளும் கலந்துவிட்டால் எவராலும் பிரிக்க முடியாது. எண்களின் கலப்போ, வேண்டிய அளவு சமன்பாடுகள் கையிலிருந்தால் பிரிந்துவிடும். ஓரிடத்திலிருந்து பலருக்கு ஒரே செய்திகளை அனுப்புவதற்குப் பெருக்கலும் கூட்டலுமே போதும் என்று 2003-ல் லீ, யங், காய் நிரூபித்தார்கள். இதற்கு நேரியல் முறை என்று பெயர்.

இதையும் நாம் வேதமாக்கிவிடக் கூடாது. ஆளுக்கொரு செய்தி கேட்கும் வலைகளில், நேரியல் முறை போதாதவையும் உண்டென்று 2005-ல் டோகர்ட்டி, ஃப்ரைலிங், ஜெகர் காட்டினார்கள். பல இடத்து எண்களின் கூட்டுத்தொகையையே எல்லோரும் கேட்கும் வலைகளை நம் நாட்டு பிரஜேஷ் குமார் ராயும் பிகாஷ் குமார் டேயும் 2012-ல் ஆராய்ந்து, சில வலைகளில் அம்முறை பலிப்பது எடுத்துக்கொள்ளும் எண்கணித முறையைப் பொறுத்தது என்றார்கள். மேலும், ஒருவன் பொய்ச் செய்தி ஒன்றைக் கலந்துவிட்டால், அது பல செய்திகளையும் கெடுத்துவிடும். ஆதலால் காவலும் வேண்டும்.

கம்பி ஒன்றே உள்ள ஊருக்கு இந்த அறிவு இன்னொரு கம்பிக்குச் சமம். பழக்கம் என்பது ஒருக்காலும் ருசுவாகாது. நாம் சொன்னதையும் அப்படியே கொள்ளாமல், 00, 01, 10, 11 என்ற நான்கு வகையையும் வீட்டில் எழுதிச் சரிபாருங்கள்; ஒன்று தவறினாலும் இந்த மேடையிலேயே வந்து கேளுங்கள்.