மருந்தைவிட நாள்தான் முக்கியம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். மேடை ஏறிப் பழக்கம் இல்லை. "நீ செய்யிற வேலையை அப்படியே சொல்லு, போதும்" என்று தலைவி அக்கா சொன்னதால் வந்திருக்கிறேன்.

என் வேலை, புதுசா வர்ற கடல் மீன்களைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்வது. சுங்குவார்சத்திரத்தில் கடல் எங்கே இருக்கு என்று கேட்பீர்கள். கடல் இங்கே மூட்டையில் வருது. மீன் தொட்டிக்கென்றே கடல் உப்பு விற்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஏறக்குறைய 35 கிராம் போட்டுக் கலக்கி, மோட்டார் ஓடவிட்டு, உப்பு அளவு பார்த்தால் கடல் தண்ணி தயார். சமையல் உப்பு இதுக்கு ஆகாது.

நம்ம பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு அடுக்குமாடி வீடு, ஓட்டல் எல்லாம் வந்தாச்சு. அங்கே சிலர் கடல் மீன் தொட்டி வைக்கிறார்கள். அவர்களுக்கு மீன் கொடுக்கும் கடைக்காரர் ஒருவர், கொளத்தூரிலிருந்து வாங்கி வரும் மீனை முதலில் என்னிடம் விடுகிறார். நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தால் மீனுக்கு இவ்வளவு என்று கூலி. குழுவில் 18,000 ரூபாய் உள்கடன் வாங்கித்தான் வீட்டுப் பின்புறம் ஷெட் போட்டு இரண்டு தொட்டி வைத்தேன்.

எதுக்குத் தனியா வைக்கணும்? சந்தையில் கோழி வாங்கி வந்தால் நாம் நேராகக் கூண்டுக்குள் விடுவதில்லை. வெள்ளைக் கழிச்சல் இருந்தால் மொத்தமும் போயிடும். கொரோனா காலத்தில் வெளியூரிலிருந்து வந்தவர்களை 14 நாள் தனியா வைத்தார்கள். அதேதான் இதுவும். கடல் மீனில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடித்தவை. பல கை மாறி, பிளாஸ்டிக் கவரில் அடைபட்டு, தெம்பு குறைந்து வருது. அதன் உடம்பில் ஒட்டுண்ணி இருக்கலாம். கடலில் தண்ணி அதிகம், அதனால் ஒட்டுண்ணிக்கு அடுத்த மீன் கிடைப்பது கஷ்டம். தொட்டிக்குள் எல்லா மீனும் அதுக்குப் பக்கத்திலேயே இருக்கு.

இதில் அதிகம் வருவது வெண்புள்ளி நோய். மீன் மேல் ரவை தூவின மாதிரி இருக்கும். இந்த நோயில் ஒரு சூட்சுமம் உண்டு, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்தப் பூச்சி மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாள்தான் இருக்கும். பிறகு தானாக உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஒட்டி, மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகும். சிலது 3 நாளில் வெடிக்கும், சிலதுக்கு ஒரு மாதம் ஆகும், அதுக்கு மேலும் ஆகலாம். வெடித்து வரும் குஞ்சுகள் நீந்திப்போய் ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்கணும், இல்லையென்றால் செத்துப்போகும்.

அதனால் மீன் மேல் புள்ளி மறைந்தால் நோய் போயிடுச்சு என்று அர்த்தம் இல்லை. பூச்சி கீழே இறங்கிப் பெருகிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். மருந்தும் தோலுக்குள் இருப்பதைத் தொடாது, ஓட்டுக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தி வரும் குஞ்சை மட்டும்தான் கொல்லும். எல்லா ஓடும் வெடித்து முடியும்வரை தண்ணியில் மருந்து இருக்கணும். கெட்டிக்காரத்தனம் மருந்தில் இல்லை, நாளை எண்ணுவதில் இருக்கு.

மருந்து என்றால் தாமிரம்தான். பயிருக்கு அடிக்கிற மயில்துத்தம் உங்களுக்குத் தெரியும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம் நிற்கணும். குறைந்தால் பூச்சி சாகாது, கூடினால் மீன் செத்துப்போகும். 100 லிட்டர் தொட்டிக்கு மொத்தமே 20 மில்லிகிராம்தான், அதைச் சாதாரணத் தராசில் நிறுக்க முடியாது. நான் 4 கிராம் சுத்தமான மயில்துத்தத்தை நகைக்கடைத் தராசில் நிறுத்து, 1 லிட்டர் வடிநீரில் கரைத்து வைத்துக்கொள்கிறேன். அதில் 1 மில்லியில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் தாமிரம் இருக்கும். சிரிஞ்சில் எடுத்து, இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவேன். பரிசோதனைக் குப்பியில் காலையும் மாலையும் அளவு பார்த்து நோட்டில் எழுதுவேன். குறைந்தது மூன்று வாரம் அந்த அளவு இறங்கக்கூடாது.

மருந்துத் தொட்டியில் மணல், கிளிஞ்சல், பவளக்கல் போடக்கூடாது, அவை தாமிரத்தை உறிஞ்சிவிடும். மீன் ஒளிய பிவிசி குழாய்த் துண்டு போதும். இறால், நத்தை, பவளம் இருக்கிற தொட்டியில் தாமிரம் விட்டால் அத்தனையும் சாகும். அதனால்தான் வைத்தியத்துக்கே தனித் தொட்டி.

தாமிரம் தாங்காத மீனுக்கு மருந்தே இல்லாத வழி ஒன்று இருக்கு. 3 நாளுக்கு ஒருமுறை வேறு தொட்டிக்கு மாற்றணும், இப்படி 4 தடவை. உதிர்ந்த பூச்சி பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். அந்தத் தொட்டியைக் கழுவி நன்றாகக் காயவைத்துத்தான் மறுபடி எடுக்கணும். இது வெண்புள்ளிக்கு மட்டும்தான்.

தோலில் ஒட்டும் தட்டைப்புழுவுக்கு வேறு வைத்தியம். அதே சூடும் அதே பி.எச்.சும் உள்ள நல்ல தண்ணியில், காற்றுக் குழாய் போட்டு, 5 நிமிஷம் மீனை விட்டால் புழு வெளுத்து உதிரும். மீன் தடுமாறினால் உடனே எடுத்துடணும். முட்டை சாகாது, அதனால் சில நாள் கழித்து இன்னொரு முறை. பொன்துகள் தூவின மாதிரி இருந்து, மீன் வேகமாகச் செவுளடித்தால் அது வெல்வெட் நோய். ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும், அன்றைக்கே தாமிரம் ஆரம்பிக்கணும்.

போன வருஷம் நடந்தது ஒன்று. நாலு மீன் வந்து எட்டாம் நாள் புள்ளி எல்லாம் மறைஞ்சிடுச்சு. கடைக்காரர் வந்து, "நல்லாத்தானே இருக்கு, ஓட்டல்காரங்க அவசரப்படுறாங்க, கொடும்மா" என்றார். "இன்னும் நாள் இருக்குண்ணே, இப்ப கொடுத்தா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றேன். "அப்ப நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்றார். அந்த மாதம் எனக்குத் தவணை கட்டணும். மனசு அடிச்சுக்கிச்சு. மீன் அவருடையது, இரண்டை எடுத்துப் போயிட்டார். மற்ற இரண்டை முப்பது நாளும் வைத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் அந்த ஓட்டல் தொட்டியில் பழைய மீனும் சேர்த்து ஒன்பது செத்துப்போச்சு. மிச்ச மீனையும் வெளியே எடுத்து, 76 நாள் மீனே இல்லாமல் தொட்டியை ஓட்டினார்கள். பூச்சி பட்டினியில் சாகட்டும் என்றுதான். என்னிடம் இருந்த இரண்டும் நல்லபடியாகப் போச்சு. இப்போது அவரே மீன் வந்த தேதியைத் தொட்டி மேல் எழுதிவிட்டுப் போகிறார். அவசரத்துக்கு ஆமாம் சொல்லியிருந்தால் என் தொழில் அன்றைக்கே முடிந்திருக்கும்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கிறார்கள். லட்சத்தீவின் அகத்தித் தீவில் பெண்கள் பயிற்சி எடுத்து அலங்கார இறால் வளர்க்கிறார்கள். நம்மாலும் முடியும். வளர்ப்பு மீனாகக் கேட்டு வாங்கினால் கடலுக்கும் நல்லது, நோயும் குறைவு. ஆனால் வளர்ப்பு மீனையும் தனியாக வைக்காமல் விடக்கூடாது. யார் கொடுத்தாலும் கடல்குதிரையும் உயிர்ப் பவளமும் வாங்காதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை.

நம் கூட்டமைப்பில் சில குழுக்கள் வண்ண மீன் தொழிலுக்குக் கடன் கேட்க இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். திட்டம் எழுதும்போது அழகுத் தொட்டிக்கு முன்னாடி தனிமைத் தொட்டியை எழுதுங்கள். அதுக்கென்று தனி வலை, தனி வாளி, தனித் துணி எழுதுங்கள். ஈரக் கை ஒன்று போதும், பூச்சி அடுத்த தொட்டிக்குப் போயிடும். முதல் முப்பது நாள் வருமானம் வராது, தவணைக் கணக்கில் அதையும் சேருங்கள். மேலாளர் ஐயாவும் அதைப் பார்த்துக் கடன் கொடுக்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். மீன் செத்தாலும் தவணை நிற்காது, அதைக் கட்டப்போவது நாம்தான்.

என் ஷெட்டைப் பார்க்க விரும்பும் சகோதரிகள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாம். நோட்டைக் காட்டுகிறேன், அளவு பார்க்கவும் சொல்லித் தருகிறேன்.