நிறுத்தத் தெரிந்த செல்



இணைப்புத் திசுவைப் பற்றிச் சென்னையில் கூடிப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1954இல் இங்கே, சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு என்று காட்டினார்கள். கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். புரிகள் நெருங்கி முறுக்கிக்கொள்ளும் நடு அச்சில் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலத்துக்கு மட்டுமே இடம் உண்டு. அதனால் ஒவ்வொரு புரியிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக இருந்தே ஆக வேண்டும்.

அந்தக் கயிற்றைத் திரிக்கும் கை ஃபைப்ரோபிளாஸ்ட். பாடநூல்கள் இதைத் தாங்கும் செல் என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் வெட்டுப்பட்ட சில நாளில் ஓரங்களிலிருந்து காயத்துக்குள் ஊர்ந்து வருவது இது. அவசரத்துக்கு மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜனை இட்டு, பிறகு அதை எடுத்துவிட்டு உறுதியான முதல் வகையை வைக்கிறது. சில செல்கள் தசைபோல் சுருங்கும் தன்மை பெற்றுக் காயத்தின் விளிம்புகளை இழுத்துச் சேர்க்கின்றன. மயோஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் இவற்றை 1971இல் காபியானியும் அவருடைய குழுவினரும் விவரித்தார்கள். காயம் மூடியதும் இவை தாமாகவே மடிந்துவிடுகின்றன.

ஆறிய தழும்பும் சும்மா கிடப்பதில்லை. 1740இல் புறப்பட்ட ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஆன்சனின் கடற்பயணத்தில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் கண்ட ஒருவருக்கு, ஐம்பது ஆண்டுக்கு முன் ஆறிய போர்க்காயம் மறுபடி வாய் பிளந்தது. பழைய கொலாஜன் கரைந்துகொண்டே இருக்கிறது. வைட்டமின் சி இல்லாமல் புதியது உறுதிப்படாது.

என் கவலையெல்லாம் கட்டுமானத்தை நிறுத்தத் தெரியாத நிலையைப் பற்றியது. நுரையீரலிலும் கல்லீரலிலும் அது நடக்கிறது. நம் ஊரில் அதைக் கண்ணெதிரே காட்டுவது பாக்கு. பாக்கிலுள்ள அரிகோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டுகிறது. அதிலுள்ள டானின் கொலாஜனோடு பிணைந்து, எந்த நொதியும் எளிதில் கரைக்க முடியாதபடி ஆக்கிவிடுகிறது. ஒரு காலத்தில் வாணியம்பாடியில் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டதும் இதே வேதியியல்தான். உயிருள்ள கன்னத்தின் உட்புறம் பதனிடப்படுகிறது! முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல் நுழையாது. இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளைகளுக்கும் இது வருகிறது. சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறுகிறது. பாக்கை விட்ட பிறகும் இறுகிய வாய் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

காயத்தில் வேலை முடிந்ததும் மடிகிற அதே செல் இந்தக் கன்னத்தில் ஏன் மடியவில்லை? உயிர்வேதியியலாளர்களும் பல் மருத்துவர்களும் தோல் தொழில்நுட்பம் அறிந்தவர்களும் இதை ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும். இந்த இரண்டு நாளில் அது நடக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.