தறிச் சத்தத்துக்கு நடுவே



ஈரோடு வீரப்பன்சத்திரம் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். தெருவுக்குள் நுழையும்போதே தறி ஓடும் சத்தம் வந்து காதை அடைக்கும். வெளியே நடந்து போகிற நமக்கே இப்படி என்றால், பட்டறைக்குள் ஷிப்ட் முழுக்க நிற்கிறவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நாடா ஓடும் விசைத்தறிக் கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்கு அந்த 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. சத்தத்தால் காது மந்தமாவதைத் தொழில்நோய்ப் பட்டியலிலும் சேர்த்திருக்கிறார்கள்.

அந்த இரைச்சலுக்குள்ளும் மனிதர்கள் பேசிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். பாவு இழை அறுந்தால் ஒரு கைஜாடை. ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் இன்னொரு ஜாடை. டீ வந்துவிட்டால் கட்டைவிரல் உதட்டுக்குப் போகும். நாலு தறி தள்ளி நிற்பவரின் உதட்டசைவை வைத்தே முழுப் பேச்சையும் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. வேலைக்கு வேண்டிய சேதி எதுவும் அங்கே தவறுவதில்லை. தவறிப்போவது வேறு சேதி. ‘காலையிலிருந்து தலை சுத்துது’, ‘பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல்’, ‘இந்த மோட்டார்ல ஷாக் அடிக்குது’, ‘மேஸ்திரி பேசற பேச்சு தாங்க முடியலீங்க’. இவற்றுக்கு ஜாடை கிடையாது.

முதலாளியும் தொழிலாளியும் நிதானமாக எதிரெதிரே இருப்பது பெரும்பாலும் கூலி போடுகிற நாளில்தான். நடுவில் ஒரு நோட்டு. எத்தனை மீட்டர் ஓடியது, மீட்டருக்கு என்ன கூலி, முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பது. விசைத்தறித் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த முன்பணம் பற்றி விளக்க வேண்டியதில்லை. மகள் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று வாங்கிய தொகை வருடக்கணக்கில் அந்த நோட்டிலேயே நிற்கும். அதைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. போனால் புது முதலாளி அந்தக் கடனை அடைத்து, அதைத் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். அப்படி நிலுவை வைத்திருக்கிற ஒருவரிடம் ‘ஏதாவது குறை இருந்தா தயங்காம சொல்லுங்க’ என்று கேட்டால் என்ன சொல்வார்? ‘ஒண்ணும் இல்லீங்க’ என்பார். அந்தப் பதிலைக் கேட்டு, நம் பட்டறையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று முதலாளியும் நம்பிவிடுவார்.

வேலையிடத்தில் பேச்சுத்தொடர்பு என்றதும் நமக்கு உடனே பயிற்சி வகுப்பு நினைவுக்கு வருகிறது. எப்படிப் பேசுவது, எப்படிச் சிரித்த முகமாக இருப்பது என்று சொல்லித் தருகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நம் தொழிலாளிக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பேசினால் நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம்தான் வாயைக் கட்டுகிறது. அந்தப் பயத்தைக் குறைக்காமல் வேறு எதைச் செய்தாலும் மேல்பூச்சாகவே நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலாளி பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கே தறி வைத்திருக்கிறவர்களில் பலர் பெரிய வியாபாரியிடம் பாவும் நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள். ஒரு காலத்தில் தாங்களே தறியில் நின்றவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். கூலி கட்டுப்படியாகவில்லை என்று வியாபாரியிடம் சொல்ல அவர்களுக்கும் வாய் வராது. சொன்னால் அடுத்த பாவு வேறு பட்டறைக்குப் போய்விடும். அந்த அழுத்தம்தான் அப்படியே கீழே இறங்குகிறது.

இந்தப் பயத்தைக் குறைக்க வழி உண்டா? திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு வழி பிறந்தது. அது பெரும் துயரத்திலிருந்து பிறந்தது. 2021 ஜனவரியில் அங்கே ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். அந்த ஆலையில் பெண்களுக்குத் தொல்லை இருப்பது வேலை செய்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அந்தச் சேதி மேலே போகும் பாதைதான் இல்லை. பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், அங்கே ஆடை வாங்கிய எச் அண்ட் எம் ஆகியவற்றோடு 2022-ல் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்ன ஏற்பாடு. தைக்கிற பெண்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து, சங்கம் பயிற்சி கொடுத்து, தளத்தில் கண்காணிப்பாளர்களாக நிறுத்தியது. இவர்கள் மேஸ்திரிகள் கிடையாது. பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைக்கிறவர்கள். டார்கெட் முடியவில்லை என்று ஒருவர் கத்தினாலும், சாதியைச் சொல்லிப் பேசினாலும், கை நீட்டினாலும், பாதிக்கப்பட்டவர் இவர்களிடம் சொல்லலாம். இவர்கள் நிர்வாகத்தின் முன் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். சொன்னதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது. மீறினால் ஆர்டரே பாதிக்கப்படும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. முதல் வருடத்தில் 185 புகார்கள் வந்தன. அநேகமாக எல்லாமே தீர்ந்தன, பெரும்பாலானவை ஒரே வாரத்துக்குள்.

185 புகார் என்றால் மோசமான ஆலை என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அதற்கு முன்பும் அந்தக் குறைகள் இருந்தன, உள்ளேயே புழுங்கிக் கிடந்தன. ஒரு புகார்கூட வராத ஆலையைப் பார்த்துத்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

பட்டறையை விட்டுக் கடைத்தெருவுக்கு வருவோம். ஜவுளிக்கடையில் நமக்கு நாற்காலி போடுகிறார்கள், காபி கொடுக்கிறார்கள். எதிரே முப்பது புடவை பிரித்துக் காட்டுகிற பெண் காலையிலிருந்து நிற்கிறார். தீபாவளி சமயத்தில் இரவு கடை சாத்தும்வரை நிற்பார். கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். கேரளத்தில் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் பல வருடம் போராடினார்கள், 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில் மசோதா வந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் சேர்த்தார்கள். ஒரு ஸ்டூல் போட வேண்டும் என்ற சேதி ஊழியரிடமிருந்து முதலாளியின் மேசைக்குப் போய்ச் சேராமல், சட்டமன்றம் வரை சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஸ்டூல் போட்ட கடைகளிலும் அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பாரோ என்ற தயக்கம் இருக்கும். முதலாளியே ஒரு தடவை ‘உட்காரம்மிணி, ஆள் வந்தா எந்திரிச்சுக்கலாம்’ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும்.

மொழியே வேறானவர்களிடம் இந்தத் தூரம் இன்னும் அதிகம். பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையிலும் நூல் மில்களிலும் இப்போது ஒடிசா, பீகார், மேற்கு வங்கத் தம்பிகள் நிறைய வேலை செய்கிறார்கள். 2023 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியவர்கள் பலர். இந்தியில் அறிவிப்பு வெளியிட்டு, உதவி எண் கொடுத்து, அதிகாரிகள் வேலையிடங்களுக்கே போய்ப் பேசினார்கள். பீகாரிலிருந்து ஒரு குழுவும் வந்து பார்த்துவிட்டுப் போனது. கூடவே நின்று வேலை செய்கிற மனிதரை விட, எங்கிருந்தோ வந்த போன் வீடியோவை ஒருவர் நம்பினார் என்றால், அந்த வேலையிடத்தில் அவரிடம் அதுவரை யார் என்ன பேசியிருந்தார்கள்? வேலை சொல்ல நாலு இந்தி வார்த்தை கற்றுக்கொண்டோம். ‘ஊரில் அம்மா எப்படி இருக்காங்க’ என்று கேட்கக் கற்றுக்கொண்டோமா?

தொழிலாளி வாய் திறந்து கேட்க இடம் கொடுத்த முன்மாதிரியும் நமக்கு உண்டு. இதே ஈரோடு மாவட்டத்தில் சென்னிமலை இருக்கிறது. 1941-ல் எம்.பி.நாச்சிமுத்து முன்னின்று தொடங்கிய சென்டெக்ஸ் கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளியே உறுப்பினர். பொதுக்குழுவில் எழுந்து கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கைத்தறிக்கு வந்த கஷ்டகாலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கேட்கிற உரிமையைத் தொழில் அமைப்புக்குள்ளேயே வைத்துக் கட்டியவர்கள் நம் மண்ணில் எண்பது வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

பதினைந்து இருபது தறி வைத்திருக்கிற ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் எல்லாத் தறியையும் நிறுத்துங்கள். அந்தப் பத்து நிமிடம் கூலிக் கணக்குப் பேச வேண்டாம். முன்பணப் பேச்சு வேண்டவே வேண்டாம். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த வாரம் என்ன செய்தோம் என்று அதே இடத்தில் சொல்லுங்கள். முடியாததை முடியாது என்றே சொல்லுங்கள். முதல் சில வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மின்விசிறி ஓடவில்லை என்று ஒருவர் சொல்லி, அது சரியாகிவிட்டால், அதற்கப்புறம்தான் பெரிய விஷயங்கள் வரும். முன்பண நிலுவை எவ்வளவு என்று மாதாமாதம் எழுதிக் கையில் கொடுங்கள். காதுக்கு அடைப்பான் வாங்கிக் கொடுங்கள்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டம் நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் இரு தரப்பும் சமமாக உட்காரும் பணிக்குழுவைச் சொன்னது. ஈரோட்டுப் பட்டறைகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்குக்குள் வரவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, இருபது பேர் இருந்தாலே குறைதீர் குழு வேண்டும் என்கிறது. பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் வருடச் சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்கிற பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். எழுதத் தெரியவில்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். அப்படிப்பட்டவருக்கு எழுதித் தர நியாயமான எல்லா உதவியும் செய்வது குழுவின் கடமை என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.